தலைக்காயம் ஆறிய பின்னும் ஆறாத களைப்பு

(ஆதரவாளர்கள் கூடுகையில் மறுவாழ்வுப் பிரிவினர் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



வழக்கமாக இந்தக் கூடுகையில் அறுவை சிகிச்சை அரங்கைப் பற்றியும், புதிதாக வந்த கருவிகளைப் பற்றியும் கேட்டிருப்பீர்கள். இம்முறை எங்களுக்கும் இருபது நிமிடங்கள் தந்திருக்கிறார்கள். ஸ்கேனில் தெரியாத, கட்டுப் போட முடியாத ஒரு பெலவீனத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். தலையில் அடிபட்டுப் பிழைத்தவர்களை மாதக்கணக்காக, சிலரை வருஷக்கணக்காக விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிற களைப்பு அது.

2022ஆம் ஆண்டில் நம் தேசத்தில் 4,61,312 சாலை விபத்துகள் பதிவாயின. 1,68,491 பேர் இறந்துபோனார்கள். விபத்துகளின் எண்ணிக்கையில் நம் தமிழ்நாடுதான் முதலாவது நின்றது. இங்கே மட்டும் 64,105. நாடு முழுவதும் இறந்தவர்களில் நூற்றுக்கு நாற்பத்து நான்கு பேருக்கு மேல் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். 2021 டிசம்பரில் தமிழக அரசு ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தைத் தொடங்கியது. விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம் என்பது அதன் ஏற்பாடு. 108 வண்டியும் இருக்கிறது. முன்பு வழியிலேயே போயிருக்கக்கூடிய பலர் இன்று பிழைத்து வீடு திரும்புகிறார்கள். அந்த 48 மணி நேரத்துக்குப் பின் வருகிற மாதங்கள்தான் எங்கள் பிரிவின் வேலை.

எங்களிடம் வந்த ஒரு தாயாரைப் பற்றிச் சொல்லுகிறோம். வயது முப்பத்து இரண்டு, இரண்டு பிள்ளைகள். கணவருடைய வண்டியின் பின்னால் ஒரு பக்கமாக உட்கார்ந்து போகையில் சேலை முந்தானை சக்கரத்தில் சிக்கி, பின்பக்கமாக விழுந்துவிட்டார். (உங்கள் வீட்டு வண்டியில் சேலை கார்டு இருக்கிறதா என்று இன்று போனவுடன் பாருங்கள். பின்னால் உட்காருகிறவருக்கும் தலைக்கவசம் வேண்டும்.) நான்கு நாள் நினைவு சரியாக இல்லை. பிறகு தெளிந்து, மூன்றாம் வாரம் வீடு போய்விட்டார். இரண்டு மாதம் கழித்து மாமியாரே அவரை எங்களிடம் கூட்டிக்கொண்டு வந்தார். “சிஸ்டர், தையல் பிரிச்சாச்சு. ஸ்கேனும் நல்லா இருக்குன்னு டாக்டரே சொல்லிட்டாரு. இவ என்னடான்னா காலையில பத்து மணிக்கே போய்ப் படுத்துக்கிறா. கேட்டா ‘முடியல அத்தை’ங்கிறா. நானும் எத்தனை நாளைக்குத்தான் பார்க்கிறது?”

அந்த அம்மாள் கெட்டவர் அல்ல. கண்ணால் பார்த்ததைச் சொன்னார். கால் நடக்கிறது, கை வேலை செய்கிறது, பேச்சும் வந்துவிட்டது. பிறகு ஏன் படுக்க வேண்டும்? இந்தக் கேள்வியைத்தான் முதலாளிகளும், கணவன்மாரும், சில சமயம் நோயாளிகளே தங்களைப் பார்த்தும் கேட்கிறார்கள். சோம்பேறி என்ற பெயர் ஒருமுறை ஒட்டிக்கொண்டால் அதைக் கழற்றுவது கடினம்.

நம்முடைய மூளை சரீரத்தின் எடையில் ஏறக்குறைய நூற்றுக்கு இரண்டு பங்குதான். ஆனாலும் நாம் சும்மா இருக்கும்போதே சரீரம் செலவிடும் சக்தியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை அது எடுத்துக்கொள்ளுகிறது. தலை வேகமாக மோதும்போது மூளைக்குள் ஓடுகிற மெல்லிய நரம்பு இழைகள் இழுபட்டு, சில அறுந்தும் போகின்றன. இந்தச் சேதம் மிக நுண்ணியது. சாதாரண சி.டி. ஸ்கேனில் ஒன்றும் தெரியாமலே இருக்கலாம். செய்தி போகிற நேர்வழிகள் கெட்டுப்போனதால் மூளை சுற்றுவழியாகப் போய் அதே வேலையைச் செய்கிறது. பாலம் இடிந்துபோன ஊரில் பஸ் எப்படியோ வந்து சேர்ந்துவிடுகிறது, டீசல் மட்டும் இரட்டிப்பாகிறது அல்லவா, அதைப்போல. 1984ஆம் ஆண்டிலேயே நெதர்லாந்தைச் சேர்ந்த வான் சோமரன் என்பவரும் அவருடன் ஆராய்ந்தவர்களும் இதைப்போன்ற விளக்கத்தை எழுதினார்கள். கவனமும் வேகமும் குறைந்துபோனவர், மற்றவர்களுக்கு ஈடுகொடுப்பதற்காக நாள் முழுவதும் கூடுதலாகப் பிரயாசப்படுகிறார், அதனால் இளைத்துப்போகிறார் என்றார்கள். இதோடு, விழித்திருக்கச் செய்கிற ஓரெக்சின் என்ற இரசாயனமும் தலைக்காயத்துக்குப் பின் சிலருக்குக் குறைந்துபோகிறது என்று பிற்கால ஆய்வுகள் காட்டியுள்ளன.

இன்னும் ஒன்றைச் சொல்ல வேண்டும். பெரிய காயம் என்றால் பெரிய களைப்பு, சிறிய காயம் என்றால் சிறிய களைப்பு என்ற கணக்கு இங்கே செல்லாது. சில நிமிடங்கள் மட்டும் மயங்கி எழுந்தவர்களும் மாதக்கணக்கில் அவதிப்படுவதைப் பார்க்கிறோம்.

வயலில் வேலை செய்து வருகிற களைப்பு சாப்பிட்டுத் தூங்கினால் காலையில் போய்விடும். இது அப்படிப் போவதில்லை. விருந்தாளிகளோடு ஒரு மணி நேரம் பேசியதற்கே மறுநாள் முழுவதும் படுக்க வேண்டியிருக்கும். வருவதற்கு முன் அடையாளங்கள் உண்டு: கண் எரியும், கொட்டாவி வரும், சொல்ல வந்த வார்த்தை வாயில் சிக்கும், குழந்தை கூப்பிட்டாலே எரிந்து விழுவார். அந்தக் கோபத்தைச் சுபாவம் மாறிவிட்டது என்று வீட்டார் எடுத்துக்கொள்ளுகிறார்கள். பல வேளைகளில் களைப்புதான் அப்படிப் பேசுகிறது.

ஆனால் எல்லாக் களைப்பையும் காயத்தின் தலையிலேயே கட்டிவிடக்கூடாது. வருகிறவர்களுக்கு முதலில் இரத்தசோகை இருக்கிறதா, தைராய்டு சரியாக இருக்கிறதா என்று டாக்டர்கள் பார்க்கிறார்கள். மூளையின் அடியில் இருக்கிற பிட்யூட்டரி சுரப்பியும் அடிபட்டிருக்கலாம். அது சுரக்க வேண்டியவை குறைந்தாலும் ஆள் துவண்டுபோவார், அதற்கு மருந்து உண்டு. குறட்டையோடு மூச்சு நின்று நின்று வருகிறவர் இரவு முழுவதும் படுத்திருந்தும் தூங்காதவரே. மனச்சோர்வையும் தனியாகக் கவனிக்க வேண்டும். வலிப்பு வராமலிருக்கக் கொடுக்கிற மாத்திரைகளில் சில தூக்கக் கலக்கத்தை உண்டாக்கும். அதற்காக யாரும் தாமாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரும். டாக்டரிடம் சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்றித் தருவார்.

ஓர் எச்சரிப்பும் தேவை. தலையில் அடிபட்டுச் சில வாரங்கள் ஆன பிறகு ஒருவருக்குத் தலைவலி நாளுக்கு நாள் கூடி, வாந்தி, தடுமாற்றம், அளவுக்கு மீறிய தூக்கம், ஒரு பக்கம் பெலவீனம் என்று வந்தால் அது நாம் பேசுகிற களைப்பு அல்ல. மூளையின் மேல் மெல்ல இரத்தம் கட்டிக்கொண்டிருக்கலாம். வயதானவர்களுக்குக் கதவு நிலையில் இலேசாக இடித்துக்கொண்டதிலும் இது வரும். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவாருங்கள்.

சரி, இவையெல்லாம் பார்த்த பிறகும் களைப்பு இருக்கிறது. என்ன செய்கிறோம்? இதற்கென்று உறுதியான மருந்து இன்னும் இல்லை. ஆஸ்திரேலியாவில் 33 பேரை வைத்துச் செய்து 2018இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், நான்கு வாரம் இரவில் மெலடோனின் கொடுத்ததில் தூக்கம் சீர்பட்டுக் களைப்பும் குறைந்தது. அதே நாட்டில் 2014இல், தினமும் காலையில் 45 நிமிடம் நீல வெளிச்சம் காட்டிப் பார்த்தார்கள். களைப்பு குறைந்தது, நிறுத்திய பின் பழைய நிலையை நோக்கித் திரும்பத் தொடங்கியது. சிறிய ஆய்வுகள் இவை, நம்பிக்கை தருகிறவை. எனினும் கடையில் போய் நீங்களே மாத்திரை வாங்கிக் கொடுக்க வேண்டாம்.

எங்கள் கையில் இருக்கிற முக்கியமான கருவி நாற்பது பக்க நோட்டு ஒன்றுதான். இரண்டு வாரத்துக்கு, எழுந்தது முதல் படுக்கிறது வரை செய்ததை மணிவாரியாக எழுதச் சொல்லுகிறோம். எழுதத் தெரியாதவர்களுக்குப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை எழுதும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் களைப்பு எவ்வளவு என்று பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஒரு மார்க். இரண்டு வாரம் முடிகிறபோது பெரும்பாலும் வீட்டாருக்கே ஒழுங்கு தெரிந்துவிடும். எந்த நேரம் தெளிவான நேரம், எந்த வேலை ஆளைக் குடிக்கிறது என்பது அதில் இருக்கும்.

பிறகு தண்ணீர்க் கணக்கு. குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் வருகிற தெருவில் இருக்கிறவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. ‘உங்களுக்குப் பத்துக் குடம்தான் கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள், எதற்கு எத்தனை குடம்?’ என்று கேட்கிறோம். மேலே சொன்ன தாயார் தன் நோட்டைப் பார்த்துச் சொன்ன கணக்கு இது: பிள்ளைகளைப் பள்ளிக்குக் கிளப்ப மூன்று குடம், காலைச் சமையலுக்கு இரண்டு, துணிக்கு இரண்டு, ரேஷன் கடை வரிசைக்கு மூன்று. பத்து மணிக்குள் பத்துக் குடமும் காலி! பத்து மணிக்கு அவர் போய்ப் படுத்ததற்குக் காரணம் நோட்டிலேயே இருந்தது. மாமியார் அந்தப் பக்கத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பின் ரேஷன் கடைக்கு அவர் போனார். துணி மாலை நேரத்துக்கு மாறியது. காய் நறுக்குவதை முதல்நாள் மாலையிலேயே உட்கார்ந்தபடி செய்துவைத்தார்கள்.

இதில் மிகவும் கடினமான பாடம், களைப்பதற்கு முன்பே நிறுத்துவது. நம் ஜனங்களுக்கு இது மனதுக்கு ஒவ்வாத காரியம். முடிந்தவரை இழுத்துப் பார்த்துவிட்டு விழுவதுதான் நமக்குப் பழக்கம், அதைப் பெருமையாகவும் பேசுகிறோம். ஒருநாள் கொஞ்சம் தெம்பாக இருந்தால், விட்டுப்போன வேலையெல்லாம் அன்றைக்கே செய்துவிடுவார்கள். அடுத்த இரண்டு நாள் எழுந்திருக்க மாட்டார்கள். மூன்றாம் நாள் திரும்பவும் அப்படியே. இந்த ஏற்ற இறக்கத்தை உடைப்பதற்காக நல்ல நாளிலும் கெட்ட நாளிலும் ஏறக்குறைய ஒரே அளவு வேலை செய்யச் சொல்லுகிறோம். இருபது நிமிடம் வேலை, பத்து நிமிடம் ஓய்வு என்று சிலருக்குக் கடிகாரம் வைத்தே தொடங்குகிறோம். அது நிலைத்த பிறகு வாரத்துக்குக் கொஞ்சமாகக் கூட்டுகிறோம். நடைப்பயிற்சியும் அப்படித்தான். தெருமுனை வரை, அடுத்த வாரம் அதற்கடுத்த விளக்குக் கம்பம் வரை. களைப்பு என்று சொல்லி நாள் முழுவதும் படுத்தே இருப்பதும் சரீரத்தை மேலும் தளர்த்திவிடும்.

ஓய்வு என்றால் எது? டெலிவிஷன் முன்னால் உட்காருவதும் கைப்பேசியைத் தடவிக்கொண்டிருப்பதும் ஓய்வல்ல. கண்ணை மூடிக்கொண்டு, சத்தமில்லாத இடத்தில், பதினைந்து இருபது நிமிடம் படுத்திருப்பதே ஓய்வு. பகல் தூக்கம் அரைமணி நேரத்தைத் தாண்டக்கூடாது, மூன்று மணிக்கு மேல் வேண்டாம். ராத்திரி எப்படித் தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்துக்கு எழ வேண்டும். காபி டீ மத்தியானத்தோடு சரி. மதுவை அடிபட்ட மூளை தாங்காது. அது தூக்கத்தையும் கெடுக்கும், வலிப்பையும் வரவழைக்கும். ஒற்றை அறை வீட்டில் சத்தமில்லாத இடத்துக்கு எங்கே போவது என்று எங்களைக் கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்வி. ஒரு வீட்டில் பிள்ளைகள் அந்த இருபது நிமிடமும் வெளித்திண்ணையில் இருந்து பாடம் படிப்பது என்று முடிவானது. இன்னொருவர் பக்கத்துப் பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடிக்குப் போகிறார்.

திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மிஷின் ஓட்டிய ஒரு தம்பியின் காரியம் இவ்வளவு சுலபமாக முடியவில்லை. நூற்றுக்கணக்கான மிஷின் ஒரே கூரையின் கீழ் ஓடுகிற இடம். அடிபடாத காதுக்கு அது வெறும் இரைச்சல். நமக்கெல்லாம் மூளை வேண்டாத சத்தத்தைத் தானாகவே தள்ளிவைத்துவிடுகிறது. அடிபட்ட மூளை அதைச் செய்யத் தடுமாறுகிறது. எல்லாச் சத்தமும் ஒரே மாதிரி உள்ளே வந்து விழுகிறது. காலையில் நன்றாகத் தைப்பார், பதினொரு மணிக்கு மேல் தையல் ஓடிப்போகும். பீஸ் ரேட்டில் கூலி என்பதால் ஓய்வு எடுக்கிற ஒவ்வொரு நிமிடமும் கையிலிருந்து போகிற காசு. கம்பெனியில் அவரைச் செக்கிங் மேசைக்கு மாற்றிக்கொடுத்தார்கள். அதற்குக் கூலி குறைவு, சத்தம் குறையவில்லை. ஐந்து மாதம் போராடிவிட்டு வெளியே வந்துவிட்டார். இப்போது வீட்டு முன்னறையில் ஒரு மிஷின் போட்டு ஜாக்கெட்டும் பள்ளிச் சீருடையும் தைக்கிறார். காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம். பழைய சம்பளம் வரவில்லை. அவர் மனைவி வேலைக்குப் போகத் தொடங்கியிருக்கிறார். இது வெற்றிக் கதையா என்று நீங்கள் கேட்டால், அவர் வேலை செய்கிறார், வீட்டில் சண்டை குறைந்திருக்கிறது என்று மட்டும் சொல்லுவோம்.

அரசுப் பணியில் இருப்பவர்களுக்கு ஒரு பாதுகாப்பு உண்டு. பணிக்காலத்தில் மாற்றுத்திறனாளி ஆனவரை வேலையிலிருந்து நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது, செய்த வேலை முடியாவிட்டால் அதே சம்பளத்தில் வேறு வேலைக்கு மாற்ற வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20ஆம் பிரிவு சொல்லுகிறது. ஆனால் அந்தச் சட்டம் வரிசைப்படுத்திய 21 வகைகளில் தலைக்காயம் என்று தனியாக ஒன்று இல்லை. கை கால் முடக்கமோ, பார்வைக் குறைவோ, வேறு வகையில் அடங்கும் குறையோ இருந்தால்தான் சான்றிதழ். களைப்பு மட்டுமே உள்ளவரின் கையில் காட்டுவதற்குக் காகிதம் இராது. ஆகையால் அவருக்காக எங்கள் டாக்டர்கள் முதலாளிக்கும் தலைமையாசிரியருக்கும் கடிதம் எழுதுகிறார்கள். முதல் மாதம் அரைநாள் வேலை, நடுவில் ஓய்வு, ஒரு நேரத்தில் ஒரு வேலை, எதையும் எழுதிக்கொடுங்கள் என்று கேட்கிறோம். சிலர் ஒத்துக்கொள்ளுகிறார்கள். உங்களில் கடை வைத்திருப்பவர்கள், பள்ளி நடத்துகிறவர்கள் இருக்கிறீர்கள். அப்படியொரு கடிதம் உங்களிடம் வந்தால் அதன் பின்னால் இரண்டு வாரத்து நோட்டு ஒன்று இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

அன்பானவர்களே, சபையாராகிய உங்களிடம் நேரடியாகவே ஒன்று கேட்க வேண்டும். ஒருவர் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்தால் நாம் சும்மா இருக்கிறவர்கள் அல்ல. ஜெபக்குழுவாகப் பதினைந்து பேர் போகிறோம், பாடுகிறோம், ஜெபிக்கிறோம், விபத்து எப்படி நடந்தது என்று முதலிலிருந்து சொல்லக் கேட்கிறோம், டீ குடிக்கிறோம். அவர்கள் போனபின் தெருக்காரர், அதன்பின் உறவினர். அன்பினால் செய்கிற காரியம், அதில் சந்தேகமில்லை. நோட்டுகளில் மட்டும் அந்த மாலைக்கு நேரே ஒன்பது, பத்து என்று மார்க் இருக்கிறது. இரண்டு பேராகப் போங்கள். தெளிவான நேரம் எது என்று வீட்டாரிடம் முன்பே கேளுங்கள். பத்து நிமிடம் இருந்துவிட்டு எழுந்துவிடுங்கள். போகும்போது மதியக் குழம்பு ஒரு தூக்கில் கொண்டுபோனால் அந்த வீட்டில் இரண்டு குடம் மிச்சம்.

ஆராதனையிலும் அப்படியே. பெரிய ஸ்பீக்கரும் டிரம்ஸும் உள்ள ஆலயத்தில் இரண்டு மணி நேரம் இவர்களால் இருக்க முடிவதில்லை. பாதியில் எழுந்து போகிறவரை அசட்டையுள்ளவர் என்று எண்ணாமல், கதவோரமாக, ஸ்பீக்கருக்குத் தூரமாக ஓர் இருக்கையை ஒதுக்கி வையுங்கள். ஒரு சபையில் போதகர் அறையில் பாய் போட்டு வைத்திருக்கிறார்கள். பிரசங்கத்துக்கு முன் கொஞ்சம் படுத்துவிட்டு வந்து உட்காருகிறார் ஒரு பெரியவர். “பார்க்க நல்லாத்தானே இருக்கீங்க” என்ற வார்த்தையைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். நீங்கள் தைரியப்படுத்தச் சொல்லுகிறீர்கள், அவர்களுக்கு அது குற்றச்சாட்டாகக் கேட்கிறது.

எத்தனை நாளில் சரியாகும் என்று எல்லாரும் கேட்கிறார்கள். முதல் சில மாதங்களில் பலருக்கு நல்ல முன்னேற்றம் வரும். அதன்பின்னும் மெதுவாகத் தேறுகிறவர்கள் உண்டு. பலருக்கு ஓரளவு களைப்பு வருஷங்களுக்குத் தங்கிவிடுகிறது. அவர்களுக்குக் குடங்கள் கூடாவிட்டாலும் அவற்றை எதற்குச் செலவிடுவது என்பது அவர்கள் கையில் வருகிறது. அந்தத் தாயார் இப்போது மாலையில் மகளோடு உட்கார்ந்து கணக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பதற்கென்று இரண்டு குடம் எடுத்துவைக்கிறார். துணி துவைப்பதைக் கணவர் ஏற்றுக்கொண்டார். முதலில் அக்கம்பக்கத்தார் சிரித்தார்களாம்.

உங்கள் காணிக்கையில் எங்கள் பிரிவுக்கு வருகிற பங்கு பெரும்பாலும் சின்னச் செலவுகளுக்குப் போகிறது: நோட்டுகள், சுவர்க் கடிகாரங்கள், திரும்பத் திரும்ப வர வேண்டியவர்களுக்குப் பஸ் கட்டணம், வீடு தேடிப் போகிற ஊழியருக்குப் பெட்ரோல். நோயாளிகளின் அனுமதியோடு, பெயரை மறைத்து, நான்கு நோட்டுகளைப் பின்வரிசை மேசையில் வைத்திருக்கிறோம். தேநீர் இடைவேளையில் புரட்டிப் பாருங்கள். கேள்விகள் இருந்தால் எங்களில் இருவர் அந்த மேசையருகே இருப்போம்.